நம்ம ஏரியாவுல குடும்ப வன்முறை, பாலியல் வன்முறையில பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒரு உதவிக் குழு ஆரம்பிக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாலஞ்சு பேர் சேர்ந்து "நம்ம பக்கத்துல இப்படி அடி வாங்கிட்டு இருக்கறவங்களுக்கு ஏதாவது பண்ணணும்"னு உக்காந்தா பத்து நிமிஷத்துல பேச்சு எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும், ஒரு வீடு எடுத்து அவங்களைத் தங்க வைக்கணும்னு நிக்கும். நாங்களும் அங்கதான் ஆரம்பிச்சோம். வாடகை பேசினோம், பெயின்ட் கலர் வரைக்கும் பேசினோம், ஆனா ராத்திரி ஒரு போன் வந்தா எடுத்து என்ன பேசறதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. முதல் போன் வந்தப்ப எங்க ஆளு ஒருத்தர் "நீங்க கிளம்பி வந்துடுங்க, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு போனை வச்சுட்டாங்க, திரும்பக் கூப்பிடவே இல்ல. ஏன்னு புரிய எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல வெளியிட்ட கணக்குப்படி 15 வயசுக்கு மேற்பட்ட பெண்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர், அதாவது சுமார் 73.6 கோடி பேர், வாழ்க்கையில ஒரு தடவையாவது துணைவர் கையால அடியோ பாலியல் வன்முறையோ, இல்ல வெளியாளால பாலியல் வன்முறையோ அனுபவிச்சிருக்காங்க. அதனால "எங்க ஏரியாவுல அப்படி யாரும் இல்லீங்க"ன்னு யாராவது சொன்னா, அவங்ககிட்ட யாரும் சொல்லலன்னுதான் அர்த்தம்.

1. முதல்ல ஏற்கனவே என்ன இருக்குன்னு பாருங்க

புதுசா எதையும் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு உங்க சுத்துவட்டாரத்துல இருக்கற எல்லாத்தையும் எழுதுங்க. ஹெல்ப்லைன், போலீஸ், பாலியல் வன்முறைக்கு மருத்துவப் பரிசோதனை பண்ற ஆஸ்பத்திரி, இலவச வக்கீல், தங்குமிடம், குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ், மனநல கவுன்சிலர், மொழிபெயர்ப்பாளர், சைகை மொழி தெரிஞ்சவங்க. எழுதினதோட விடாதீங்க, ஒவ்வொரு நம்பருக்கும் நீங்களே போன் பண்ணிப் பாருங்க, அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு, ஞாயித்துக்கிழமை, லீவு நாள்ல. போர்டுல 24 மணி நேரம்னு இருக்கும், எடுக்க ஆள் இருக்காது.

சின்னச் சின்ன கேள்விகளையும் அப்பவே கேட்டு வைங்க. தங்குமிடத்துல பதிமூணு பதினாலு வயசுப் பையனைச் சேத்துப்பாங்களா? சில இடங்கள்ல பெரிய பசங்களை விடமாட்டாங்க, அம்மா ஒரு இடம் பையன் ஒரு இடம்னு பிரியணும்னா அவங்க வரவே மாட்டாங்க. அடையாள அட்டை இல்லாம வந்தா எடுப்பாங்களா, சக்கர நாற்காலி உள்ள போகுமா, விசா பிரச்சனை இருக்கறவங்களுக்கு என்ன வழி, நாயோ பூனையோ இருந்தா எங்க விடறது. கடைசியா சொன்னதைக் கேட்டு சிரிக்காதீங்க, நம்ம போயிட்டா அதைக் கொன்னுடுவான்னு பயந்தே வீட்டை விட்டு நகராம இருக்கறவங்க நிறைய பேர். இந்த லிஸ்டை மூணு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப சரி பார்க்கணும், ஆளுங்க மாறிடுவாங்க.

2. யாரைச் சேக்கறது

அஞ்சாறு பேர் போதும், நிஜமாவே. கோவத்தோட "அவனைப் போய் நாலு கேள்வி கேக்கறேன்"னு வர்றவங்களை இந்த வேலைக்கு வச்சுக்காதீங்க, அவங்க கேட்டுட்டு வந்துடுவாங்க, அந்த ராத்திரி அடி வாங்கப் போறது யாருன்னு யோசிங்க. சேர வர்றவங்க பின்னணியை விசாரிங்க, சங்கடமா இருந்தாலும் விசாரிங்க, ஏன்னா இந்த மாதிரி குழுவுக்குள்ள தேடி வந்து நுழையற ஆளுங்களும் உண்டு. இன்னொரு ரூல் எழுத்துல இருக்கணும்: குழுவுல ஒருத்தருக்கு அந்தக் குடும்பம் சொந்தமோ, நண்பரோ, முதலாளியோ, அந்த கேஸ்ல இருந்து அவர் முழுசா வெளிய. தகவல்கூட அவர் காதுக்குப் போகக்கூடாது.

பாதிக்கப்பட்டு மீண்டு வந்தவங்க சேர விரும்புவாங்க, அவங்கதான் குழுவுக்கு உயிர், ஆனா உடனே போன் எடுக்க விடாதீங்க. முதல்ல முடிவெடுக்கற மீட்டிங்ல உக்கார வைங்க. நாம போடற திட்டத்துல எது வேலைக்கு ஆகாதுன்னு முதல் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

3. கேக்கறதுக்குப் பழகுங்க (இதுதான் பாதி வேலை)

உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்காக லிவ்ஸ்னு ஒரு முறை வச்சிருக்கு, அஞ்சு படி. காது கொடுத்துக் கேக்கறது, என்ன தேவைன்னு விசாரிக்கறது, நம்பறேன்னு தெரியப்படுத்தறது, பாதுகாப்பைக் கூட்டறது, அடுத்த உதவிக்குக் கூட நிக்கறது. படிக்க ஈஸியா இருக்கும். உக்காந்து பழகிப் பாருங்க, ரெண்டு நிமிஷம் குறுக்க பேசாம இருக்க நம்மளால முடியாது.

வாயில வரவே கூடாத கேள்வி ஒண்ணு இருக்கு, "ஏன் இவ்ளோ நாள் பொறுத்துக்கிட்டீங்க?" அக்கறையாத்தான் கேப்போம், ஆனா அவங்க காதுல அது "தப்பு உன்மேலதான்"னு விழும். அதே மாதிரி "அவரு ஏன் அடிச்சாரு", "நீங்க என்ன சொன்னீங்க", "கத்த வேண்டியதுதானே". பாலியல் வன்முறை நடக்கறப்ப நிறைய பேருக்கு உடம்பு அப்படியே உறைஞ்சு போயிடும், கையும் வராது குரலும் வராது, அது சம்மதம் கிடையாது, உடம்போட தற்காப்பு. நடந்ததை வரிசையா சொல்ல வராம துண்டு துண்டா, முன்னுக்குப் பின் மாத்தி சொல்றதும் அதனாலதான், மூளை அந்த நேரத்துல அப்படித்தான் பதிஞ்சு வைக்கும். அதை வச்சு "பொய் சொல்றாங்களோ"ன்னு கண்ணால ஜாடை பேசிக்காதீங்க, அவங்க பாத்துடுவாங்க.

அப்ப என்னதான் சொல்றது? "சொன்னது நல்லதாச்சு. இது உங்க தப்பில்ல. இப்ப நீங்க இருக்கற இடம் பாதுகாப்பா? இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" அவ்ளோதான். விவரம் தோண்டாதீங்க, போலீஸ்லயும் ஆஸ்பத்திரியிலயும் கோர்ட்லயும் திரும்பத் திரும்ப சொல்லப்போறாங்க, நம்மகிட்டயும் ஒரு தடவை எதுக்கு.

எங்க ஆளு சொன்ன "கிளம்பி வந்துடுங்க" எங்க தப்பாச்சுன்னு இங்கதான் புரிஞ்சுது. வீட்டுல ஒருத்தன் அவங்க எங்க போகணும் என்ன போடணும்னு முடிவு பண்றான், போன் பண்ணினா இங்க இன்னொருத்தன் முடிவு பண்றான். முடிவு அவங்க கையில இருக்கணும். அவங்க திரும்ப அதே வீட்டுக்குப் போறேன்னு சொன்னாலும், நமக்கு வயித்தைப் பிசைஞ்சாலும், "சரி, போறதுன்னா எப்படி பத்திரமா இருக்கறதுன்னு பேசுவோமா"ன்னுதான் கேக்கணும்.

இன்னொண்ணு, ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சு பஞ்சாயத்து பேசவே பேசாதீங்க. "அனுசரிச்சுப் போம்மா"ன்னு அனுப்பி வச்சா அவங்க நம்மகிட்ட சொன்னதுக்கெல்லாம் அங்க கணக்கு தீர்ப்பான். ஐரோப்பாவுல 2011-ல கையெழுத்தான இஸ்தான்புல் ஒப்பந்தம் இந்த மாதிரி வன்முறையில கட்டாய சமரசப் பேச்சையே தடை பண்ணிருக்கு, காரணம் இதுதான், பயந்துட்டு இருக்கற ஆளும் பயமுறுத்தற ஆளும் ஒரு மேஜையில சமமா பேச முடியாது.

4. ஆபத்து எவ்ளோன்னு எடை போடுங்க

இதை மேம்போக்கா விட்டா உயிர் போகும், அதனால மெதுவா படிங்க. ஜாக்குலின் கேம்ப்பெல்னு ஒரு நர்சிங் பேராசிரியர் 1985-ல ஆபத்து மதிப்பீட்டுக் கேள்விகள் உருவாக்கினாங்க, இப்ப பல நாட்டுல இதையோ இதோட சாயல்ல ஒண்ணையோ பயன்படுத்தறாங்க. கேக்க வேண்டியது இதுதான்: அடி சமீபத்துல அதிகமாகிட்டே போகுதா, ஆயுதம் கையில இருக்கா, கொன்னுடுவேன்னு சொல்லிருக்கானா, சொன்னா செய்வான்னு அவங்க நம்பறாங்களா, கர்ப்பமா இருந்தப்ப அடிச்சிருக்கானா, கட்டாய உடலுறவு உண்டா, பின்னாடியே வேவு பாக்கறானா, தற்கொலை பண்ணிப்பேன்னு மிரட்டறானா, இப்பத்தான் பிரிஞ்சாங்களா.

எல்லாத்துக்கும் மேல, கழுத்தை நெரிச்சிருக்கானா. இதைத் தனியா, இந்த வார்த்தையிலயே கேளுங்க, ஏன்னா நிறைய பேர் "கழுத்தைப் புடிச்சாரு"ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போவாங்க. துணைவர் ஒரு தடவை கழுத்தை நெரிச்சிருந்தா பிற்பாடு அவர் கையால கொல்லப்படற ஆபத்து ஏழு மடங்குக்கு மேல கூடுதுன்னு 2008-ல வந்த அமெரிக்க ஆய்வு சொல்லுது. வெளிய ஒரு தழும்பும் இல்லாம உள்ள ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கலாம், நாள் கழிச்சு பக்கவாதம் வந்த கேஸ் எல்லாம் இருக்கு. குரல் மாறிருந்தா, முழுங்க கஷ்டமா இருந்தா, கொஞ்ச நேரம் நினைவில்லாம போயிருந்தா, தெரியாம யூரின் போயிருந்தா, அன்னிக்கே டாக்டர்.

வீட்டை விட்டு வெளிய வந்துட்டா ஆபத்து முடிஞ்சுதுன்னு நினைக்கறதுதான் வெளியாளுங்க பண்ற பெரிய தப்பு. பிரியப் போறேன்னு சொல்ற நேரமும் பிரிஞ்ச புதுசும்தான் கொலை நடக்க அதிக வாய்ப்புள்ள காலம். போனை வச்சாங்களே அந்தப் பொண்ணு, அவங்களுக்கு இது நம்மளை விட நல்லாத் தெரியும்.

5. பாதுகாப்புத் திட்டம்

இது அவங்களோட உக்காந்து அவங்க போடறது, நாம எழுதிக் கையில கொடுக்கறது இல்ல. முக்கியமா கையில பேப்பரே கொடுக்காதீங்க, நோட்டீஸ் கார்டு எதுவும் பையில இருந்து மாட்டினா முடிஞ்சுது. நம்பரை வேற பேர்ல சேவ் பண்ணச் சொல்லுங்க, இல்ல மனப்பாடம் பண்ண வைங்க. எந்த நேரம் கூப்பிடலாம், மெசேஜ் அனுப்பலாமா, வேற யாராவது எடுத்தா நாம யாருன்னு சொல்றது, எல்லாம் முதல் பேச்சுலயே கேட்டுக்கணும்.

வீட்டுக்குள்ள சண்டை ஆரம்பிச்சா எந்த ரூம் பக்கம் நகரணும்? கத்தி இருக்கற அடுப்படி வேணாம், ஒரே கதவு இருக்கற பாத்ரூம் வேணாம், வெளிய போக வழி இருக்கற பக்கம். குழந்தைங்களுக்கு நடுவுல வராதீங்கன்னு சொல்லிக் கொடுக்கணும், வெளிய ஓடி யாருக்குப் போன் பண்ணணும்னும் சொல்லித் தரணும். பக்கத்து வீட்டுல நம்பிக்கையானவங்க இருந்தா ஒரு கோட் வார்த்தை, அந்த வார்த்தை வந்தா போலீஸ் கூப்பிடணும். ஒரு பை, அதுல அடையாள அட்டை, குழந்தைங்க சர்டிஃபிகேட், மருந்து, கொஞ்சம் பணம், சாவி காப்பி. அந்தப் பை அவங்க வீட்டுல இருக்கக்கூடாது.

போன் விஷயம் இப்ப பெரிய தலைவலி. லொகேஷன் ஷேரிங், ஒரே அக்கவுன்ட்ல ரெண்டு பேரும் லாகின், பையில ஒளிச்சு வச்ச குட்டி ட்ராக்கர், குழந்தை டேப்லெட் வழியா வேவு. பாத்த உடனே எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடாதீங்க, திடீர்னு சிக்னல் போனா அவனுக்குத் தெரிஞ்சிடும், அதுவே வெடிக்கக் காரணமாகிடும். முக்கியமான பேச்சுக்கு மட்டும் வேற போன், வேற கம்ப்யூட்டர். ஆதாரத்துக்கு எடுத்த போட்டோ ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அந்த போன்லயே இருக்க வேணாம், க்ளவுட்ல ஏறுதா, அந்த பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்னும் பாருங்க.

6. பாலியல் வன்முறைன்னா முதல் மணி நேரங்கள்

இங்க கடிகாரம் ஓடும், அதனால குழுவுல எல்லாருக்கும் இது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியணும். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. கர்ப்பத் தடுப்புக்கான அவசர மாத்திரை 5 நாள் வரைக்கும், இதுவும் சீக்கிரம் போட்டா நல்லா வேலை செய்யும். ஹெபடைடிஸ் பி ஊசி, காயம் இருந்தா டெட்டனஸ், மத்த தொற்றுக்கு மருந்து. மயக்க மருந்து கலந்து கொடுத்திருப்பானோன்னு சந்தேகம்னா யூரின் டெஸ்ட் உடனே, சில மருந்து அரை நாள்லயே உடம்பை விட்டுப் போயிடும்.

முடிஞ்சா பரிசோதனைக்கு முன்னாடி குளிக்க வேணாம், போட்டிருந்த துணியைத் துவைக்க வேணாம், துணியை பேப்பர் பையில வைங்க, பிளாஸ்டிக்ல ஈரம் தங்கி தடயம் கெட்டுப்போகும். ஆனா ஏற்கனவே குளிச்சுட்டாங்கன்னா "அய்யோ"ன்னு முகத்தைச் சுளிக்காதீங்க, அப்பவும் போகலாம், எடுக்கறதுக்கு தடயம் இன்னும் இருக்கலாம், மருந்து எப்படியும் தேவை. பரிசோதனையில ஒவ்வொரு கட்டத்துக்கும் அவங்க சம்மதம் வேணும், நடுவுல "இது வேணாம்"னு நிறுத்தலாம், அதைச் சொல்லத்தான் நம்ம ஆள் கூட இருக்கணும். ரெண்டு விரல் சோதனைன்னு (முன்னாடி உடலுறவு உண்டான்னு பாக்கறேன்னு பிறப்புறுப்புல விரலை விட்டுப் பண்றது) யாராவது ஆரம்பிச்சா தடுங்க, அதுக்கு மருத்துவ ரீதியா ஒரு அர்த்தமும் கிடையாது, அதை உலகம் முழுக்க நிறுத்தணும்னு ஐநா அமைப்புகளும் உலக சுகாதார நிறுவனமும் 2018-லயே சொல்லியாச்சு.

கம்ப்ளெயின்ட் கொடுத்தே ஆகணுமா? சிகிச்சை அதுக்காகக் காத்திருக்கக்கூடாது. ஆனா பாதிக்கப்பட்டது குழந்தைன்னா பல நாடுகள்ல தகவல் சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, உங்க நாட்டு விதியை வக்கீல்கிட்ட கேட்டு வச்சுக்கங்க, பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே "சில விஷயம் சொன்னா நான் மேல சொல்ல வேண்டி வரும்"னு அவங்களுக்குத் தெரியப்படுத்தணும். கேட்டு முடிச்சப்புறம் சொல்றது துரோகம்.

ஆண்கள் வருவாங்க, பையன்கள் வருவாங்க, திருநங்கைகள் வருவாங்க, ஒரே பாலினத் துணைவர்கிட்ட அடி வாங்கினவங்க வருவாங்க. போன் எடுக்கறவங்க குரல்ல ஒரு நொடி தயக்கம் இருந்தாலே கட் பண்ணிடுவாங்க.

7. தங்குமிடம், இப்ப பேசலாம்

லண்டன் சிஸ்விக்ல 1971-ல எரின் பிட்ஸி ஆரம்பிச்ச இடம்தான் இப்ப இருக்கற தங்குமிடங்களுக்கு முன்னோடின்னு சொல்வாங்க. அது தங்குமிடமா ஆரம்பிக்கவே இல்ல, அம்மாக்கள் வந்து உக்காந்து பேச ஒரு இடம், அவ்ளோதான். பேச வந்தவங்க உடம்புல காயம் இருந்துச்சு, சிலர் திரும்பிப் போகல. எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும், முதல்ல பேச இடம், அப்புறம்தான் படுக்கை.

தங்குமிடம்னா வாடகை மட்டும் இல்ல, ராத்திரி ஆள், பூட்டு, குழந்தைங்க ஸ்கூல், ரகசியமா இருக்க வேண்டிய முகவரி, இதெல்லாம் மாசா மாசம் வரும் செலவு. ஆறு மாசத்துல மூடற தங்குமிடம் இல்லாம இருக்கறதே நல்லது, நம்பி வந்தவங்களை நடுரோட்டுல விடற மாதிரி ஆகிடும். சின்னக் குழுன்னா ஒரு அவசர நிதி வைங்க: டாக்ஸிக்கு, ரெண்டு ராத்திரி ரூமுக்கு, போன் ரீசார்ஜுக்கு, வீட்டுப் பூட்டு மாத்த. ரசீது கேட்டு மூணு நாள் இழுத்தடிக்காம அன்னிக்கே கொடுக்கற மாதிரி இருக்கணும்.

பூட்டு மாத்தறதுன்னு சும்மா சொல்லல. அடி வாங்கினவங்க ஏன் வெளிய போகணும், அடிச்சவன் போகட்டுமேன்னு ஆஸ்திரியா 1997-ல சட்டம் கொண்டு வந்துச்சு, போலீஸே அவனை வீட்டை விட்டு அனுப்பலாம்னு. அதுக்கப்புறம் பல நாடுகள் அந்த வழியில வந்திருக்கு. உங்க நாட்டுல பாதுகாப்பு ஆணையில இது உண்டான்னு வக்கீல்கிட்ட கேளுங்க.

8. அன்றாடம் போற இடங்கள்ல கூட்டாளிங்க

வெளிய தனியா விடாத பொண்ணு எங்க போவாங்க? மருந்துக்கடை, பியூட்டி பார்லர், பிரசவ கிளினிக். 2020 லாக்டவுன்ல ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல மருந்துக்கடையில போய் "மாஸ்க் 19" வேணும்னு கேட்டா கடைக்காரர் உதவிக்குத் தகவல் சொல்ற ஏற்பாடு வந்துச்சு. அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலம் 2017-ல இருந்து பார்லர்காரங்களுக்கு இதுல பயிற்சி கட்டாயம் ஆக்கிருக்கு. இங்கிலாந்து லிங்கன்ஷயர்ல 2016-ல ஆரம்பிச்சது "ஏஞ்சலா இருக்காங்களா"ன்னு பார் கவுன்டர்ல கேக்கறது, கூட வந்த ஆள்கிட்ட இருந்து எனக்கு உதவி வேணும்னு அர்த்தம். எல்லாம் அழகா இருக்கு, ஆனா போஸ்டரை ஒட்டிட்டு கவுன்டர்ல நிக்கற பையனுக்குச் சொல்லித் தரலன்னா அவன் "ஏஞ்சலா யாருங்க, இங்க அப்படி யாரும் இல்லையே"ன்னு சத்தமா கேப்பான். ஆள் மாறும்போதெல்லாம் திரும்ப பயிற்சி, முடியலன்னா போஸ்டரே வேணாம்.

உள்ளங்கையைக் காட்டி கட்டைவிரலை மடக்கி மத்த விரலால மூடற சைகை இருக்கே, எனக்கு உதவி வேணும்னு பேசாம சொல்றதுக்கு, அது கனடாவுல 2020-ல ஆரம்பிச்சது. வீடியோ கால்ல அதைப் பாத்தா உடனே அந்த வீட்டுக்கு ஓடாதீங்க. ஆமா இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி கேளுங்க, போலீஸ் கூப்பிடட்டுமான்னு கேளுங்க. கண்ணெதிர உயிர் ஆபத்துன்னா மட்டும் கேக்காம கூப்பிடுங்க.

9. ஆபீஸ்களை ஒரு கயித்துல கட்டறது

அமெரிக்காவுல டுலூத்ங்கற ஊர்ல 1981-ல போலீஸ், கோர்ட், தங்குமிடம் எல்லாம் ஒரே விதிமுறையில சேர்ந்து வேலை பாக்க ஆரம்பிச்சாங்க, மலேசியாவுல கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில 1994-ல ஒரே இடத்துல டாக்டர், கவுன்சிலர், போலீஸ் கிடைக்கற மையம் வந்துச்சு. நம்ம அளவுல இதை எப்படிப் பண்றது? மாசம் ஒரு மீட்டிங், போலீஸ்ல ஒருத்தர், ஆஸ்பத்திரியில ஒருத்தர், வக்கீல் ஒருத்தர், பேர் தெரிஞ்ச ஆளா. யாருடைய கேஸும் அவங்க சம்மதம் இல்லாம அங்க பேசக்கூடாது, எந்த இடத்துல ஆளுங்க விழுந்து போறாங்கன்னு மட்டும் பேசணும். ஒரு தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க திங்கக்கிழமை வரைக்கும் சும்மா உக்காந்திருக்காங்கன்னு இப்படித்தான் தெரிஞ்சுது, டியூட்டி லிஸ்டை மாத்தினாங்க, சரியாச்சு.

10. ரெக்கார்டு, ரகசியம், நம்ம ஆளுங்க

எழுதறதைக் குறைச்சு எழுதுங்க, அவங்க சொன்னது, பாத்தது, செஞ்சது, அவ்ளோதான். உங்க அபிப்பிராயம் வேணாம், நாளைக்கு கோர்ட் அந்த நோட்டைக் கேக்கலாம். வாட்ஸப் குரூப்ல பேரோ போட்டோவோ வரவே கூடாது. முகத்தை மங்கலாக்கிட்டோம்னு சொல்லி நன்கொடைக்காக போட்டோ போடறவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும், வளையலை வச்சே கண்டுபிடிப்பான்.

வாலண்டியர்ஸ் கருகிப் போவாங்க. தூக்கம் வராது, வீட்டுல சத்தமா பேசினாலே பதறுவாங்க. ரெண்டு ரெண்டு பேரா டியூட்டி, வாரம் ஒரு தடவை பேச ஒரு மூத்த கவுன்சிலர், லீவு கேட்டா காரணம் கேக்காம லீவு.

11. எதை வச்சு அளக்கறது

பணம் கொடுக்கறவங்க "எத்தனை பேரை மீட்டீங்க"ன்னு கேப்பாங்க. எத்தனை பேர் கணவரை விட்டு வந்தாங்கன்னு எண்ணாதீங்க, அந்த எண்ணிக்கைக்காக நாம அவங்களைத் தள்ள ஆரம்பிச்சிடுவோம். எத்தனை பேர் ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்கன்னு எண்ணுங்க. அக்கம்பக்கத்து ஆளுங்க மனசை மாத்தற வேலையும் உண்டு, உகாண்டாவுல கம்பாலாவுல சாசான்னு ஒரு திட்டம், அந்தந்த ஏரியா ஆளுங்களே அக்கம்பக்கத்துல பேசிப் பேசி பண்ணினது, 2014-ல வந்த ஆய்வுப்படி திட்டம் நடந்த பகுதிகள்ல துணைவர் அடிக்கறது மத்த பகுதிகளை விட ஏறக்குறைய பாதி. ஆனா அதுக்கு வருஷக்கணக்கா பேசினாங்க, ஒரு நாள் ஊர்வலத்துல வந்தது இல்ல.

எங்ககிட்ட ஒருத்தங்க பேசிட்டுத் திரும்ப வீட்டுக்கே போனாங்க, எட்டு மாசம் சத்தமே இல்ல, எங்கள்ல பாதிப் பேர் விட்டுட்டாங்கன்னே நினைச்சோம். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டாங்க. எங்க நம்பரை டெய்லர்னு சேவ் பண்ணி வச்சிருந்தாங்களாம். "ப்ளவுஸ் ரெடியா"ன்னு கேட்டாங்க, எடுத்தவங்களுக்கு அது பழைய கோட்னு ஞாபகம் இருந்துச்சு, "ரெடிங்க, எத்தனை மணிக்கு வர்றீங்க"ன்னாங்க. அதனால குழுவோட போன் இந்த வாரம் யார் கையில இருக்கு, அடுத்த வாரம் யாருக்குப் போகுது, எந்தெந்த கோட் வார்த்தை யாரோடதுன்னு ஒப்படைக்கறப்பவே வாயால சொல்லிக் கொடுங்க, சார்ஜரையும் சேத்துக் கொடுங்க.